எந்த ஆபீஸ்?

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டளவில், மழை விடாத ஓர் ஐப்பசியில், ஹட்டனில் எங்கள் தேயிலைத் தோட்டக் கம்பெனியின் வட்டார அலுவலகத்தில் நடந்தது இது. அன்று காலை அங்கே இருந்தது நானும் கணக்குப் பிரிவு அக்காவும் மட்டும்தான். அக்காவுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். மேனேஜர் கொழும்புக்கு மீட்டிங் போயிருந்தார். றொசல்ல, கொத்மலை, தலவாக்கலைத் தோட்டங்களிலிருந்து வரவேண்டிய மூன்று கிளாக்கர்களையும் காணவில்லை.

நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள். கம்பியூட்டர் படித்து, அங்கே தற்காலிக வேலையில் இருந்தேன். "மகன் தொர ஆபீஸ்ல டைப் அடிக்கிறான்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

எனக்குக் கொடுத்த வேலை இதுதான். யார் எந்த நாள் மலைக்கு வேலைக்குப் போனார், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்ற பல வருடப் பதிவுகள் பழைய கோப்புகளில் கிடந்தன. லட்சக்கணக்கான வரிகள். அவை எல்லாவற்றையும் புதிய தரவுத்தளத்துக்கு ஏற்ற வேண்டும். ஒரே கம்பியூட்டரிலிருந்து அனுப்பினால் இராத்திரி வரை இழுக்கும். அதனால் நான்கு கம்பியூட்டர்களுக்குப் பங்கு பிரித்து ஒரே நேரத்தில் அனுப்புவது என்று முடிவு செய்தேன். பின்னேரம் நாலு மணிக்கு மேனேஜர் கொழும்பிலிருந்து போன் எடுப்பார். அதற்குள் சரிவராவிட்டால் வேலை கொழும்பிலுள்ள ஒரு கம்பியூட்டர் கம்பெனிக்குப் போய்விடும். நானும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

தரவுத்தளம் இருந்த பெரிய கம்பியூட்டரிலிருந்து வரிகள் ஜோராக ஏறின. மற்ற மூன்றிலும் இணைப்பு மறுக்கப்பட்டது என்றே வந்தது. அதற்கு முதல் நாள் அந்தப் பெரிய கம்பியூட்டரிலிருந்து கொஞ்சமாக அனுப்பிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. ஆகவே பாரம் கூடித்தான் இணைப்பு விழுகிறது என்று நினைத்துப் பங்கைச் சிறிதாக்கினேன். மறுபடி மறுத்தது. கடைக்கு ஓடிப் புது வயர் வாங்கி வந்து மாட்டினேன். அதற்கும் மசியவில்லை. கடைசியில் மழையைத் திட்டினேன்.

"தம்பி, வயர் வீட்டுக்குள்ளதானே ஓடுது. மழை என்ன செய்தது உமக்கு?" என்றார் அக்கா.

அந்த நேரம் போன் அடித்தது. ஏற்றிய கணக்கைச் சரிபார்க்க வரவேண்டிய கொத்மலை கிளாக்கர்.

"என்னா தம்பி, வரச் சொல்லிட்டு ஆளையே காணோம்! விடிஞ்சதுல இருந்து ஆபீஸ்லயே ஒக்காந்திருக்கேன்."

"எந்த ஆபீஸ்லங்க ஐயா?"

"இது என்னா கேள்வி? நம்ம ஆபீஸ்லதான்!"

மற்ற இருவருக்கும் போன் போட்டேன். அவர்களும் அவரவர் தோட்டத்து ஆபீசில் என் வரவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். "காலையில ஆபீசுக்கு வந்துருங்க" என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். தோட்டத்தில் ஆபீஸ் என்றால் அந்தத் தோட்டத்து ஆபீஸ்தானே! அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றுபோனது. புரோகிராமில் தரவுத்தளம் இருக்கும் இடத்துக்கு நான் என்ன எழுதினேன்? லோக்கல்ஹோஸ்ட். அப்படியென்றால் 'இந்தக் கம்பியூட்டரே' என்று அர்த்தம். அதை அப்படியே பிரதி எடுத்துத்தான் மற்ற மூன்றிலும் போட்டிருந்தேன். மூன்றும் தங்களுக்குள்ளேயே தரவுத்தளத்தைத் தேடி, இல்லை என்று கையை விரித்திருக்கின்றன!

அந்தச் சொல்லை அழித்து, பெரிய கம்பியூட்டரின் முகவரி எண்ணை எழுதி ஓட்டினேன். இந்தமுறை வேறொரு மறுப்பு வந்தது. நான் துள்ளிக் குதித்தேன்.

"பிழைதானே வந்திருக்கு? அதுக்கேன் இந்தத் துள்ளல்?"

"இது வேற பிழைங்க அக்கா! கதவு வரைக்கும் போயிருச்சு, யாருன்னு கேக்குது!"

தரவுத்தளம் வெளி ஆட்களைச் சேர்க்காதபடி பூட்டியிருந்தது. மூன்று கம்பியூட்டர்களுக்கும் அனுமதி கொடுத்தேன். பிறகு பார்க்கவேண்டுமே! நான்கு திரையிலும் வரிகள் மளமளவென்று ஓடின.

கிளாக்கர்கள் வேன் பிடித்து, நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். "இப்ப நிக்கிறது ஆபீஸ்தானா தம்பி, இல்ல இன்னொண்ணு இருக்கா?" என்று தலவாக்கலைக்காரர் வாசலிலேயே ஆரம்பித்தார். பிறகு மூவரும் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தோட்டத்துக் கணக்கும் அச்சாகப் பொருந்தியது. மேனேஜர் போன் எடுத்தபோது அக்கா ரிசீவரை என் கையில் திணித்தார். "எல்லாம் ஏறிருச்சு சேர்" என்றேன். அவர், கொழும்புக்காரர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். நாங்கள் போட்ட கூச்சல் அவருக்கும் கேட்டிருக்கும்.

இன்றைக்கும் ஓர் இணைப்பு விழுந்தால் நான் பாரத்தையோ வயரையோ முதலில் குறை சொல்வதில்லை. நான் எழுதிய சொல் அந்தப் பக்கம் போய் எப்படிக் கேட்டிருக்கும் என்றுதான் பார்க்கிறேன். இந்தப் பாடத்துக்கு, வேன் கூலி, வீணாக வாங்கிய வயர், எல்லோரும் சாப்பிட்ட வடை, பிளேன்டீ எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு மூவாயிரத்து நானூறு ரூபாய்.