பாவம் போக்கும் வேலையில் சில அனுபவங்கள்

பாவத்தை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் போலீஸ்காரர், இன்னொருவர் என்னைப் போன்ற போதகர். இயேசு சிலுவையில் நம் பாவத்தைச் சுமந்து தீர்த்தார் என்பதைத் தாம்பரம் பக்கத்தில் ஒரு சின்னச் சபையில் பதினோரு வருடமாக விளக்கிவருகிறேன். பத்துப் பேர் முன்னால் நின்று எதையாவது விளக்கிப் பார்த்தவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

டம்ளர் தண்ணீர்

பாவநிவிர்த்தியைக் கண்ணுக்கு நேராகக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பெரிய வெள்ளிக்கு முன்னால் ஆசை வந்தது. தண்ணீரில் அயோடின் விட்டால் பழுப்பாகும், அது பாவம். போட்டோ கழுவப் பயன்படும் ஹைப்போ கரைசலை ஊற்றினால் தெளிந்துவிடும், அது மீட்பு. வீட்டில் மூன்று முறை செய்து பார்த்தபோது பளிச்சென்று தெளிந்தது.

ஆராதனையில் பதற்றத்தில் ஹைப்போவுக்குப் பதிலாக என் குடிதண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டேன். ஊற்ற ஊற்றத் தெளியவில்லை. டம்ளர் நிரம்பி வழிந்து, வெள்ளை மேசைவிரிப்பெல்லாம் பழுப்பு. முன் வரிசையில் இருந்த ரிட்டயர்டு ஆசிரியை எஸ்தர் டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "விடுங்க ஐயா, அது ரொம்பப் பழைய பாவம் போல."

மொட்டை மாடி

அதே எஸ்தர் டீச்சருக்கும் மேல் வீட்டு லீலா அம்மாவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. மாடிக் கொடியில் யார் துணி காயப்போடுவது என்ற தகராறு. இருவரும் ஒரே சபை. நற்கருணைக்கு முந்தின வாரம், மன்னிப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கித்தேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வாசலில் அவரைப் பிடித்து, லீலா அம்மாவிடம் பேசிவிடலாமே என்றேன்.

"ஆண்டவர் சிலுவையில மன்னிச்சார், சரி. அவரே எங்க மாடிக் கொடியில ஒரு நாள் துணி காயப்போட்டுட்டு அப்புறம் சொல்லட்டும்."

குன்றத்தூர்

சேகர் திருமுடிவாக்கத்தில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர். ஞானஸ்நானம் எடுத்த மறுவாரம், எல்லோரும் போன பிறகும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். நாலு வருடம் முன்பு, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மிஷினில் கையைக் காக்கும் தடுப்பைக் கழற்றி வைத்தாராம். அடுத்த ஷிஃப்டுக்கு வந்த குமாருக்கு அது தெரியாது. இரண்டு விரல் போயிற்று. குமாரின் கவனக்குறைவு என்று எல்லோரும் சொன்னார்கள், அவர் வேலையும் போயிற்று. சேகர் வாயே திறக்கவில்லை.

"என் பாவம் போச்சுன்னு நம்பறேன் பாஸ்டர். அவன் விரல் வரலியே" என்றார்.

குமாரிடம் சொல்லவேண்டியதைக் குமாரிடம்தான் சொல்லவேண்டும் என்று மட்டும் சொன்னேன். சனிக்கிழமை அவர் பைக்கிலேயே குன்றத்தூரில் குமார் வீட்டுக்குப் போனோம். சேகர் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, திங்கட்கிழமை முதலாளியிடமும் சொல்லப்போவதாகச் சொன்னார். குமார் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் நான் வாயைத் திறந்தேன். சேகர் இத்தனை நாளும் கடவுளிடம் தினமும் அழுதார் என்றேன்.

குமார் என்னை விட்டுவிட்டு சேகரைப் பார்த்தார்: "சாமிகிட்ட டெய்லி போய் சொன்னியா? அவரு வூடு என் வூட்ட விட கிட்டவா கீது? சரி, உக்காரு."

பாவம் நீங்கச் சிலுவையண்டை வந்தால் போதும் என்று முழங்கிவந்த நான், வருகிற வழியில் சிலர் குன்றத்தூரிலும் இறங்கவேண்டியிருக்கும் என்பதை இப்போதெல்லாம் சேர்த்துச் சொல்கிறேன்.