ஜௌபர் காக்கா கட்டிய மேடு

காரைதீவில் என் வீட்டு முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டு நின்றபோது செய்தி வந்தது. மாளிகைக்காட்டுப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு மௌத்தை, ஒரு மரணத்தை, அறிவித்துக்கொண்டிருந்தது. காற்றில் பெயர் சரியாகக் கேட்கவில்லை. “ஓய்வுபெற்ற தபால்காரர்” என்பது மட்டும் கேட்டது. அதற்குமேல் எனக்குப் பெயர் தேவைப்படவில்லை. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அவரை அறிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். துக்கத்தோடு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் ஊருக்கே மூத்த அண்ணன் மாதிரி இருந்த ஜௌபர் காக்காவை நினைத்தால் சிரிப்புத்தான் முந்திக்கொண்டு வருகிறது.

நான் தபாலதிபராக இருந்த அலுவலகத்தில் அவர் முப்பது வருடம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவர். நமது கரையின் சங்கதி உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் உள்ளங்கை மாதிரித் தட்டையான நிலம். ஒருமுறை குடும்பத்தோடு மலைநாட்டுப் பண்டாரவளைக்குப் போய்வந்தவர், மறுநாள் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “சேர், அங்கத்தய ஆக்கள் குடுத்துவச்ச ஆக்கள். சைக்கிள்ல ஏறி இருந்தாப் போதும், அது தானா ஓடுது. நான் முப்பது வருசம் மிதிச்சும் ஒரு இறக்கம் கண்டதில்ல.” அன்று முழுவதும் அவர் முகம் சரியில்லை.

ஓய்வு பெற்றதும், பொத்துவில் பக்கம் ஒரு விடுதியில் கழித்துவிட்ட நாலு சக்கர மோட்டார் சைக்கிளை வாங்கி வந்தார். கடற்கரை மணலிலும் சேற்றிலும் ஓடும் தடித்த சக்கர வண்டி. பின்வளவில் தென்னைகளைச் சுற்றி ஒரு பாதை, இரண்டு வளைவு, ஒரு சேற்றுக்குழி, கடைசியில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு மேடு. இதுதான் திட்டம். மேட்டின் உச்சியில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சும்மா உருண்டு இறங்க வேண்டும். ஆனால் அந்த வளவு இளைய மகள் நஸ்ரியாவுக்கு வீடு கட்ட ஒதுக்கியது. மகளுக்கு வீடு கொடுக்காமல் நமது பக்கத்தில் கலியாணம் ஏது? பொங்கல் கழிந்ததும் மேசன் அத்திவாரம் வெட்ட வருவார். “அதுக்குள்ள ஓடி முடிச்சிரோணும்” என்று அவருடைய மனைவி கதீஜா ராத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதல் மேட்டை வளவு மணலிலேயே குவித்தார். வண்டி பாதி ஏறி அச்சுவரை புதைந்தது. பிறகு நற்பிட்டிமுனையில் அறுவடை முடிந்த வயலிலிருந்து டிராக்டர் பெட்டியில் களிமண் வந்தது. உதவிக்கு வந்த மச்சான்மார் எல்லோரும் விவசாயிகள். அங்கேதான் பிழை நேர்ந்தது. கை பழகிய வேலையை விடுமா? பாதையின் இரு ஓரமும் வரம்பு கட்டி, மண்வெட்டியால் வழித்துப் பூசி, நடுவைச் சமன்படுத்தி, தண்ணீர் விட வரம்பில் வாய் வெட்டி வக்கடைகூட வைத்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மழை பெய்தது. தண்ணீர் பாதைக்குள் ஒழுங்காகக் கட்டி நின்றது. மண்ணோடு வந்த உதிரி நெல் எல்லாம் முளைத்தது. பாதை, வளைவு, மேடு, எங்கும் பச்சை.

“ஏறி மிதிச்சு ஓட்டுங்க காக்கா, ரெண்டு சுற்றில சரியாப்போகும்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

“அல்லாஹ் முளைக்கவச்ச நெல்லுக்கு மேலால டயர ஏத்தச் சொல்றீங்களா சேர்? விளையட்டும். மறுகா ஓடுவம்.”

நெல் பொங்கலைப் பார்த்தா விளையும்? மேசன் நூலும் முளைக்குச்சியுமாக வந்து நின்றபோது கதிர் அப்போதுதான் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது. காக்கா வண்டியை மூடியிருந்த படங்கை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றார். அந்த முதுகைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

“இந்த மனிசனுக்கு மூளை கழண்டுபோச்சு” என்றார் ராத்தா.

நஸ்ரியாதான் மேசனின் கையிலிருந்து நூலை வாங்கினாள். “உம்மா, வாப்பாட மேடு அவடத்தயே இரிக்கட்டும். குசினியக் கிழக்கால தள்ளுவம். சமைக்கிறதுக்கு எனக்குச் சின்னக் குசினி போதும்.”

மாசியில் அறுத்தார்கள். ஒரு சாக்குக்கும் குறைவு. அந்த அரிசியில் ஆக்கிய சோற்றை எனக்கும் ஒரு சட்டியில் அனுப்பினார்கள். அன்று அஸர் தொழுகை முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஜௌபர் காக்கா வண்டியோடு மேட்டில் ஏறி, சாவியைத் திருப்பி நிறுத்தி, உருண்டு இறங்கினார். அவர் சத்தம் போட்டுச் சிரித்தது பிரதான வீதிவரை கேட்டதாகச் சொல்கிறார்கள். அதன்பிறகு ஒரு நாளும் விட்டதில்லை.

என்னையும் கூப்பிடாத நாளில்லை. முழங்கால் வலி, வேட்டி, மழைக்குணம் என்று ஏதாவது சொல்லித் தப்பிவிடுவேன். ஒரே ஒருமுறை ஏறினேன். உச்சியிலிருந்து அடிவரை பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி ஆமை மாதிரி வந்துசேர்ந்தேன். “சேர், பிரேக்கில கையை வச்சிக்கிட்டு வந்தா அது இறக்கமில்ல” என்றார். அடுத்த கிழமை பார்ப்போம் என்றேன். கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. அது எனக்கு வலிக்கிறது.

ஜனாஸா நல்லடக்கம் முடிந்து சில நாள் கழித்துப் போனேன். கணவனை இழந்தவர்கள் வெளியாரைக் காணாமல் இருக்கும் இத்தாவில் ராத்தா இருந்ததால் வெளியே வரவில்லை. நஸ்ரியா தேநீரோடு சாவியையும் கொண்டுவந்து வைத்தாள். “சேர் ஒருக்கா ஓடாமப் போகப்படாதாம், உம்மா சொன்னா.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். உச்சியில் இயந்திரத்தை நிறுத்தினேன். சின்னக் குசினியின் யன்னல் கீழே தெரிந்தது. பிரேக்கிலிருந்து கையை எடுத்தேன்.

நாலு வினாடிதான் இருக்கும். அந்த நாலு வினாடிக்காக ஒரு மனிதர் நெல் விளையும்வரை காத்திருந்தார். அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்வது அதைத்தான். கீழே வந்து நின்றபோது என் கன்னம் நனைந்திருந்தது. ஆனால் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“இன்னொருக்கா ஏறட்டா மகள்?” என்று கேட்டேன்.