கச்சானில் சாய்ந்த புல்வேலி

வீட்டுக்கு முன்னால் செவ்வரத்தை நடுவதா, அலங்காரப் புல் நடுவதா என்று யாராவது என்னிடம் கேட்டால், நீங்கள் எங்கே குளிக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அறைக்குள் குளிக்கிறவர் எதை வேண்டுமானாலும் நடலாம். நான் கிணற்றடியில் குளிக்கிறவள். எங்கள் வளவில் கிணறு ஒழுங்கைப் பக்கமாக இருக்கிறது. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற ஆண்கள் பாதிப்பேர் அந்த ஒழுங்கையால்தான் போய் வருவார்கள். கிணற்றுக்கும் ஒழுங்கைக்கும் நடுவே இருபது வருடமாகச் செவ்வரத்தை வேலி நின்றது. ஆள் உயரம், அடியிலிருந்து நுனிவரை இலை. மாரியிலும் சரி, கோடையிலும் சரி, அது வெறுங்கொம்பாக நின்றதை நான் கண்டதில்லை. அதற்குப் பின்னால், நெஞ்சுக்கு மேல் சேலையைக் கட்டிய குறுக்குக்கட்டோடு நின்று வாளி வாளியாக அள்ளி வார்ப்பேன். ஒழுங்கையால் போகிறவர்களின் கதை எனக்குக் கேட்கும். அவர்களுக்கு என்னைத் தெரியாது.

அந்த வேலியை வெட்டுவித்தவர் என் அண்ணன். கனடாவில் இருந்துகொண்டு, தொலைபேசியில்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அண்ணன்மார் உழைத்துத் தங்கைக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தங்கள் கலியாணத்தைப் பற்றி யோசிப்பார்கள். என் அண்ணனும் அப்படித்தான், பனிக்குள் நின்று உழைத்து இந்த வீட்டைக் கட்டினார். காணி உறுதிப்பத்திரம் என் பெயரில் இருக்கிறது. அவர் செய்ததை நான் ஒருநாளும் மறந்ததில்லை, மறக்க யாரும் விட்டதுமில்லை. ஆனால் வீடு கட்டித் தந்தவருக்கு அதற்குள் நான் எங்கே குளிப்பது என்று தீர்மானிக்கவும் உரிமை இருக்கிறதா? அன்றைக்கே அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் தலையாட்டினேன். அதை நினைத்தால் என்மீதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முன்பக்கத்து இரண்டு அறைகளையும் கடற்கரைக்கு வருகிற வெள்ளைக்காரருக்கு விடலாம் என்பது அண்ணனின் யோசனை. அதற்கு வீடு வடிவாக இருக்க வேண்டுமாம். ஒரு படம் அனுப்பினார். வெள்ளைச் சுவர், அதற்கு முன்னால் ஊதாக் கதிர் விட்ட புல், பந்தி பந்தியாக.

"செவ்வரத்தை எண்டா பழைய வீடு மாதிரிக் கிடக்கும். இதைப் பார், காத்துக்கு ஆடேக்க என்ன வடிவு!" என்றார்.

காற்றுக்கு ஆடுகிறது வேலியா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. என் கணவரைப் பார்த்தேன். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எத்தனையோ தொன் பாரத்தைத் தூக்கி இறக்குவார். இந்த ஒரு கதையைத் தூக்க அவரால் ஏலாமல் போய்விட்டது. "அது அண்ணன் தங்கச்சி கதை. நான் என்னத்தைச் சொல்ல?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

செவ்வரத்தைக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அதற்கும் வியாதி உண்டு. கோடையில் குருத்தெல்லாம் வெள்ளை மாப்பூச்சி பிடிக்கும், அதைத் தேடி எறும்பு வரும், கொப்பு வெட்டும்போது சட்டைக்குள் ஏறிக் கடிக்கும். மாதம் ஒருமுறை கத்தரிக்காவிட்டால் ஒழுங்கைக்குள் சரிந்து சைக்கிள்காரரின் கண்ணில் குத்தும். போதாததற்கு ஊருக்குள் கட்டாக்காலியாகத் திரிகிற மான்கள். எட்டுகிற உயரம்வரை தளிரை மேய்ந்துவிட்டுத்தான் போகும். ஆனால் வெட்டினாலும் மேய்ந்தாலும் பத்து நாளில் மறுபடி தளிர்த்துவிடும். ஒழுங்கைப் பக்கம் பூப்பது எங்களுக்கில்லை, போகிறவருக்கு என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்கு. காலையில் கோயிலுக்குப் போகிற பெண்கள் கேட்காமலே பறிப்பார்கள். அடுத்த வீட்டில் இருக்கிற மூதூர்ப் பெண் மகளின் தலைக்கு அரைக்க இலை ஆய்ந்து போவாள்.

கார்த்திகை மழையோடு கந்தளாயிலிருந்து ஒரு நாற்றுக்காரர் சின்ன லொறியில் கறுப்புப் பைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். "மான் தின்னாது, பூச்சி பிடியாது, தண்ணி கொஞ்சம் ஊத்தினாப் போதும்" என்று புல்லுக்குப் புகழ் பாடினார். இரண்டு பேர் மண்வெட்டியோடு நின்று, இருபது வருட வேலியை மத்தியானச் சோற்றுக்கு முன் தோண்டி முடித்தார்கள். அந்த இடத்தில் ஒரு சாண் உயரப் புல்லை வரிசையாக நட்டார்கள். பக்கத்து வீட்டு மூதூர்ப் பெண் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இதென்ன புள்ள இது? எங்கட பக்கம் தோப்பூர்ல வயல் வரம்புல இப்படிப் புல்லு வந்தா வெட்டிக் கொளுத்துவாங்க. நீங்க வாங்கி நடுறீங்க!" என்றாள்.

அன்று பின்னேரத்திலிருந்து நான் கக்கூசுக்குள் குளித்தேன். நின்றால் ஒரு முழங்கை சுவரில் இடிக்கும், குனிந்தால் தலை கதவில் இடிக்கும். கிணற்றில் அள்ளிய தண்ணீரை வாளியில் தூக்கிப் போய், கோப்பையால் மொண்டு வார்க்க வேண்டும். தலையில் போட்ட சவர்க்காரம் ஒருநாளும் முழுதாகப் போனதில்லை. வளவுக்குள் இருக்கிறது ஊற்று வற்றாத கிணறு. அதன் சொந்தக்காரி கக்கூசுக்குள் ஒடுங்கி நின்று குளிக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வாரத்துக்கு ஒருமுறையாவது அண்ணனுக்குக் குரல் பதிவு அனுப்புவேன். எழுதுவதை விடப் பேசுவது எனக்குச் சுலபம். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன், கிணற்றைச் சுற்றித் தகரமாவது அடித்துத் தாருங்கள் என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பெருவிரலை உயர்த்திய ஒரு மஞ்சள் கை பதிலாக வரும். பொறு, புல் வளரும், தகரம் வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வளர்ந்ததுதான். மாசியில் நெஞ்சு உயரம் வந்து ஊதாக் கதிர் தள்ளியது. காலை வெயிலில் நின்று பார்த்தால், பொய் சொல்லக் கூடாது, வடிவாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கூடாக ஒழுங்கை தெரிந்தது. ஒழுங்கைக்கும் நான் தெரிவேன்தானே. பிறகு வைகாசியில் கச்சான் தொடங்கியது. தரைப்பக்கமிருந்து அனலை அள்ளிக்கொண்டு வருகிற அந்தக் காற்று தெரியாத ஆள் இங்கே உண்டா? இங்கே பிறந்து வளர்ந்த அண்ணனுக்கு அது மறந்துபோனது எப்படி? புல் காய்ந்து வைக்கோல் நிறமாகிக் கிணற்றுப் பக்கமாகச் சாய்ந்தது. கதிரின் பஞ்செல்லாம் கிணற்றுக்குள் விழுந்தது, துணியால் வடித்துத்தான் குடித்தோம். மான் தின்னாது என்று நாற்றுக்காரர் சொன்னது உண்மை. தின்னவில்லை. ஏறிப் படுத்தது. மெத்தை போட்டுக் கொடுத்த மாதிரி மத்தியானம் முழுக்க இரண்டு மான்கள் அதில் கிடக்கும்.

ஆவணியில் அண்ணனும் அவர் பெண்சாதி, என் மச்சாளும் லீவுக்கு வந்தார்கள். மச்சாள் நல்ல மனிசி, அவரோடு எனக்கு ஒரு குறையும் இல்லை. வந்த மறுநாளே கிணற்றுத் தண்ணீரில் தலை முழுக வேண்டும் என்று துவாயோடு இறங்கினார்.

"வேண்டாம் மச்சாள், ஒழுங்கைக்குத் தெரியும்" என்றேன்.

"புல்லு நிக்குதுதானே" என்று சிரித்தார். காலையில் காற்று இல்லை, புல்லும் ஒருவாறு நிமிர்ந்து நின்றது. நான் இன்னொரு தரம் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

தலைக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது கச்சான் எழும்பியது. புல் மொத்தமாகச் சாய்ந்தது. இரவு வேலை முடிந்து வருகிறவர்களால் ஒழுங்கை நிறைந்திருந்த நேரம் அது. யாரோ சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தான். மச்சாள் கண்ணைத் திறந்து பார்த்துக் கத்தினார். அண்ணன் துவாயோடு ஓடி வந்தார், ஒழுங்கையைப் பார்த்து வாயில் வந்ததெல்லாம் ஏசினார், பிறகு மச்சாளை மூடி உள்ளே கூட்டிப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே! கடைக்கு ஆள் போனது, தகரம் வந்தது, மரக்கட்டை வந்தது, என் கணவரும் எங்கிருந்தோ சுத்தியலோடு வந்தார். இரண்டு மணித்தியாலத்தில் கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தகர மறைப்பு எழும்பிவிட்டது. நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். இரண்டே மணித்தியாலம். கார்த்திகையிலிருந்து நான் கேட்டது இதைத்தானே! என் மானத்துக்கு ஒன்பது மாதமாகக் கிடைக்காத தகரம் அவர் பெண்சாதியின் மானத்துக்கு அரை நாளில் கிடைத்துவிட்டது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் என்னிடம் வந்தார்.

"இப்பிடிக் கிடக்குது எண்டு ஏன் நீ எனக்கு முன்னமே சொல்லேல்ல?"

"சொன்னனான்" என்றேன்.

"எப்ப சொன்னனீ?" என்று தொலைபேசியை எடுத்தார். நான் சொல்லவில்லை என்று எனக்கே காட்டப் போனார். வரிசையாகக் கிடந்தன என் குரல் பதிவுகள். கேட்காத பதிவுக்குப் பக்கத்தில் நிற்கிற சிறு புள்ளி அத்தனைக்கும் பக்கத்தில் அப்படியே நின்றது. ஒவ்வொன்றின் கீழும் மஞ்சள் கை.

"வேலை நேரத்தில வரும். பிறகு கேப்பம் எண்டு விட்டது" என்றார் மெதுவாக.

இவ்வளவு நாளும் அவர் மறுக்கிறார் என்று நினைத்து மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மறுப்பதற்காவது காது கொடுத்திருக்க வேண்டுமே.

ஒரு கதிரையைக் கொண்டுபோய் முற்றத்தில் போட்டேன்.

"இருங்கோ அண்ணா. இப்ப லீவுதானே. கேளுங்கோ."

அவர் இருந்தார். முதற்பதிவை நானே அழுத்திவிட்டேன். "அண்ணா, வேலியைத் தோண்டிப் போட்டாங்கள். நான் கக்கூசுக்குள்ளதான் குளிக்கிறன்" என்று என் குரல் தொடங்கியது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தகரத்துக்கு வெளியே போய்ப் புல்லின் அடியில் கொத்தினேன். வேர் லேசில் விடவில்லை. எனக்கும் அவசரமில்லை. மச்சாள் ஈரத்தலையோடு வாசலுக்கு வந்து நின்று கேட்டார். என் கணவர் சுத்தியலைக் கீழே வைத்தார். முற்றத்திலிருந்து என் குரலே திரும்பத் திரும்ப எனக்குக் கேட்டது.

நாலாவது பதிவு முடிந்ததும் அண்ணன் நிமிர்ந்தார்.

"போதும் பிள்ளை. விளங்குது."

"இன்னும் இருக்கு" என்றேன்.