எல்லைப் பனை

எண்பதுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோ பஸ்ஸில் ஒரு தமிழ்ப் பெரியவர் தினமும் என் பக்கத்தில் உட்காருவார். கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, என் பேப்பரைக் கேட்காமலே எட்டிப் படிப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஏவுகணைகளை வானிலேயே மறிக்கும் திட்டத்துக்கு அமெரிக்கா நேச நாடுகளை அழைத்திருந்தது. கனடா இழுத்தடித்துக்கொண்டிருந்தது. அன்று பேப்பரில் அதுதான் செய்தி.

"உவையள் ஒருநாளும் ஒண்டாச் சேராயினம்," என்று பேப்பரை விரலால் குத்தினார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன் வெடுக்கென்று.

"ஊரிலை குண்டுக்குப் பயந்து நானும் அண்ணையும் வேலிக்கு இஞ்சாலை ஒண்டு, அங்காலை ஒண்டெண்டு பங்கர் வெட்டினம். மேலை மூட மரக்குத்தி வேணும். எல்லையிலை ஒரு பனை நிண்டது. தறிக்க அவரும் விடேல்லை, நானும் விடேல்லை. ரெண்டு பங்கரும் மூடாமலே கிடந்தது."

"பிறகு?"

"பனை இப்பவும் நிக்குது. அண்ணைதான் இல்லை."

பேப்பரை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் பார்க்கவில்லை.