அலவாங்குக்கு விழுந்த அடி

மொழியியலுக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். பெருமையாக ஏதோ சொல்லப் போகிறேன் என்ற நினைப்பு. என் காக்காவின், மூத்த அண்ணனின், பல்லை உடைத்த ஒரு சொல்லைத் தேடித்தான் வந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கிழக்கிலங்கையின் கல்முனையில் ஆமியின் சுற்றிவளைப்பு நடக்காத மாதமில்லை. அன்று காக்கா முற்றத்தில் வேலிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். ஆமிக்காரர்கள் வேலிக் கடப்பைத் தள்ளித் திறந்துகொண்டு வந்தார்கள். சிங்களம் தெரியுமா என்று ஒருவன் கொச்சைத் தமிழில் கேட்டான்.

"தெரியா, சேர்," என்றார் காக்கா. உண்மையாகவே ஒரு சொல்லும் தெரியாது.

கையிலிருந்த கடப்பாரையைப் பறித்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். "மேக்க மொக்கத?"

ஒரு சாமானைக் காட்டிக் கேட்டால் எவருக்கும் விளங்கும்தானே.

"அலவாங்கு."

அவன் முகமே மாறிவிட்டது. சந்தையில் யாவாரம் செய்து சிங்களம் பழகிய வாப்பாதான் பிறகு காரணம் சொன்னார். சிங்களத்திலும் அதற்கு 'அலவங்குவ' என்றுதான் பெயராம். தெரியாது என்றவன் சிங்களம் பேசிவிட்டான், பொய்க்காரன், வேவு பார்க்க வந்தவன்! அந்த இரும்பாலேயே வாயில் அடித்தான். அடுத்தது காதடியில். மணலில் விழுந்தவரைச் சப்பாத்துக் காலால் மிதித்தார்கள். இரத்தமும் பல்லுமாகத் துப்பிக்கொண்டு அந்த மனிசன் "அலவாங்கு, அலவாங்கு" என்றே சொன்னார். தமிழ்ச் சொல் என்று விளக்குகிறாராம்! சொல்லச் சொல்ல அடி விழுந்தது.

"யா அல்லாஹ்! வாயப் பொத்துடா மகனே!" என்று உம்மா குழறினா.

உயிர் தப்பியது. வலது காது போய்விட்டது.

பல்கலைக்கழகத்தில்தான் கண்டுபிடித்தேன். அது தமிழுமில்லை, சிங்களமுமில்லை. போர்த்துக்கேயப் பறங்கி கொண்டுவந்த சொல். மேற்குக் கரையில் முஸ்லிம்களான எங்களவரை வெட்டித் துரத்தியவனும் அவனே. துரத்தப்பட்டவர்களைக் கண்டியரசன்தான் இந்தக் கரையில் குடியேற்றினான் என்று எங்களூரில் சொல்வார்கள். அவன் எப்போதோ கப்பலேறிவிட்டான், அவன் சொல்லுக்கு என் காக்கா அடி வாங்கியிருக்கிறார்!

லீவுக்கு வந்ததும் கண்டுபிடித்ததை அவருடைய இடது காதில் கத்திச் சொன்னேன், இதைக் கட்டுரையாக எழுதப் போகிறேன் என்றும். பொக்கை வாயால் சிரித்தார்.

"தமிழ்லயா எழுதப் போறாய்?"

"ஓம் காக்கா."

"தமிழ்ல எழுதி ஆருக்குகா? அடி வாங்கினவனுக்குத் தெரிஞ்சி என்ன பிரயோசனம்? அடிச்சவனுக்குத்தானே தெரியணும்."

அடுத்த கிழமையே சிங்கள அரிச்சுவடி வாங்கினேன். அந்த ஆத்திரத்தோடேயே முதல் எழுத்தை எழுதினேன்.