பாசியை விரட்டிய பாசி

கல்லாற்றுக்குச் சும்மா குளிக்கப் போன இடத்தில்தான் அது கிடைத்தது. பாறையில் கால் வைத்த என் கணவர் சறுக்கித் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் என் கண் பாறைக்குப் போய்விட்டது. கருநீலத்தில், வழவழவென்று ஒரு படலம். பையிலிருந்த காலி டப்பாவில் அதைச் சுரண்டிப் போட்டுக்கொண்டேன்.

“முதல்ல என்னைத் தூக்கி விடு. அப்புறம் அதைச் சுரண்டலாம்” என்றார்.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பாசிகளோடுதான் வேலை. நீலப்பச்சைப் பாசிகளில் சில, பக்கத்தில் வேறு பாசி வளரவிடாமல் ஏதோ ஒன்றைச் சுரக்கும். அந்தச் சுரப்பை எடுத்து, குளங்களை மூடுகிற பச்சைப் பாசியைக் கட்டுப்படுத்த முடியுமா என்று தேடிக்கொண்டிருந்தோம். அதுவரை சோதித்த எதற்கும் பச்சைப் பாசி அசைந்து கொடுக்கவில்லை.

கல்லாற்றுப் பாசியை வளர்த்துச் சாறெடுத்து, பச்சைப் பாசி பரப்பிய கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விட்டோம். அடுத்த வாரம் ஒரு காலை, என்னோடு வேலை பார்க்கும் மலையாளிப் பெண், “சேச்சி, ஓடி வா!” என்று கத்தினாள். பச்சைக்கு நடுவில் சொட்டு விழுந்த இடம் மட்டும் வட்டமாகத் தெளிந்திருந்தது. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அன்று டீ குடிக்கக்கூட மறந்துபோயிற்று.

கரமனையில் எங்கள் வீட்டு மாடியில் என் கணவர் ஒரு தொட்டியில் ஆம்பலும் மீனும் வளர்க்கிறார். வெயில் காலத்தில் அந்தத் தண்ணீர் பச்சைக் குழம்பாகிவிடும்.

தட்டில் பார்த்ததை அன்று ராத்திரி சொன்னதும், “ரெண்டும் பாசிதானே, ஒண்ணை ஒண்ணு ஏன் விரட்டறது?” என்று கேட்டார்.

“ஆரியசாலை மார்க்கெட்ல ஒரே சந்துல ரெண்டு மொத்தக்கடை இருந்தா?”

சிரித்துவிட்டார். “அப்போ நம்ம தொட்டியில விட்டுப் பாரேன்.”

“மீன் செத்தா என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது.”

அதோடு அந்தப் பேச்சை விட்டார். ஆனால் மறுநாள் ஒரு கேன் நிறையத் தொட்டித் தண்ணீரும் ஓர் ஆம்பல் கன்றுமாக என்னோடு பஸ் ஏறினார். கண்டக்டர் கேனைப் பார்த்து, “கஷாயமோ?” என்று கேட்டார். “குடிச்சா தெரியும்” என்றார் இவர்.

ஆய்வுக்கூடத்தில் அந்தத் தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரங்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஆம்பல் இலையைப் போட்டுச் சாறு கலந்தோம். அதிகம் விட்டதில் தண்ணீர் சீக்கிரம் தெளிந்தது. ஆனால் அதிலிருந்த ஆம்பல் இலை மஞ்சளாகிவிட்டது. கொஞ்சமாக விட்டதில் தெளிய நாளானது, இலை பச்சையாகவே நின்றது. எந்த அளவு சரி என்று கண்டுபிடிக்க வேண்டிய வேலை இப்போது எங்கள் முன்னால் இருக்கிறது. எனக்கு அது போதும்.

“மீனுக்கு?” என்று, நான் இதைச் சொன்ன சாயங்காலம் மாடியில் வைத்துக் கேட்டார்.

“அதை இன்னும் பார்க்கலை.”

“சரி, சாரமில்லை, போகட்டும்” என்று மலையாளம் கலந்து சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழக்கம்போலத் தொட்டிப் பாசியைக் கையால் அள்ளத் தொடங்கினார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன்.