மெடிக்கல் அண்ணாச்சிக்கு வந்த திடீர் அக்கறை

எங்கள் அச்சன்புதூர் மெடிக்கல் அண்ணாச்சியை இன்றைக்கு நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். கொஞ்சமும் வருத்தமில்லை.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதமாக வறட்டு இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு. குற்றாலத்தில் குளித்ததால்தான் என்று சொல்லி, வாராவாரம் அட்டையிலிருந்து கத்தரித்த மாத்திரைகளைக் கவரில் போட்டுக் கொடுத்தார் அண்ணாச்சி. இரண்டு நாள் சுகம். மறுபடி மூச்சு வாங்கும்.

கடைசியில் தென்காசியில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் அருவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போடுவது யார் என்று கேட்டார். இவர்தான். சாரலில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோல். அந்தத் தூசி உள்ளே போய் நுரையீரல் அழற்சியாம்.

"இனி வைக்கோல் பக்கமே போகக்கூடாது" என்று சொல்லி ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை இன்று நீட்டினேன். அண்ணாச்சி பதறினார்.

"இது ஸ்டீராய்டுல்லா! கிட்னி போயிரும். பாதி மாத்திரை போடச் சொல்லுங்க."

அவர் கொடுத்த பழைய கவரைக் கவுண்டரில் கவிழ்த்தேன்.

"இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை என்னது அண்ணாச்சி? அட்டையில மிச்சம் இருந்த எழுத்தைப் பாத்தே டாக்டர் சொல்லிட்டாவ, இதுவும் ஸ்டீராய்டுதான்னு. நீங்க கொடுக்கையில எங்க வீட்டு ஆளுக்கு கிட்னி இல்லையோ?"

குரல் இறங்கிவிட்டது அவருக்கு. "அது இருமல்னு வாற எல்லாருக்கும் கொடுக்க மாத்திரை செட்டு தாயி."

மாத்திரையை வேறு கடையில் வாங்கிக்கொண்டேன்.

அந்த 'எல்லாரும்' இதைப் படிக்கிறவர்களில் யார் யார்? கையைத் தூக்குங்கள்.